சத்தமில்லாமல் வந்த வண்டி

சர்வேயர் வண்டியை வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். வீட்டுக் கதவு திறக்கவில்லை.

அப்படித் திறக்காமல் இருப்பது புதுசு. அவருடையது பதினாலு வருஷத்துப் பழைய டீசல் கார். தெருமுனையில் திரும்பும்போதே அதன் கடகட சத்தம் வீட்டுக்குள் போய்விடும். அவர் படியேறுவதற்குள் மனைவி கதவைத் திறந்து நிற்பாள். டிவி அணைந்திருக்கும். மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

எங்க வீடு ரொம்ப அமைதியான வீடு என்று ஆபீசில் பெருமையடித்துக்கொள்வார்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிருந்தார். பானட்டின் அடியில் சத்தத்தைக் குறைக்கும் ஷீட் ஒட்ட வேண்டும். மெக்கானிக் வேண்டாம் என்றார். பானட் கனத்துப்போகும். சூடு உள்ளேயே நிற்கும். ரப்பர் நாற்றம் ஒரு வாரத்துக்குப் போகாது.

"அதெல்லாம் விடுங்க சார். கோளாறு வந்தா இன்ஜின் சத்தத்த வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம். அதையே மூடிட்டா எப்படி?"

"மூடுங்க. உள்ள பேசினா உள்ள கேக்கணும். அவ்வளவுதான்."

பிடித்தால் பிடித்த பிடிதான், அவரைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். மெக்கானிக் முனகிக்கொண்டே வேலையில் இறங்க, இவரும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது இவர். காகிதத்தில் அளவெடுத்து, வளைவுக்கு வளைவு வெட்டியது இவர். நிலத்தையே அங்குலம் பிசகாமல் அளக்கிறவருக்கு பானட் எம்மாத்திரம். கனம் தாங்காமல் முட்டுக் கம்பி ஒருமுறை நழுவி, பானட் தோளில் இறங்கியது. தடவிவிட்டுக்கொண்டு, தடிமனான கம்பியாக வாங்கிவரச் சொன்னார். காற்றுக் குமிழ் ஒன்றுகூட மிஞ்சாமல் உருளையால் அழுத்தி முடித்தபோது மணி நாலு.

வரும் வழியில் தனக்குத்தானே மெல்லிய குரலில் பேசிப் பார்த்தார். கேட்டது.

இப்போது படியேறி, கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது.

உள்ளே அவரே பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன? கேக்கல. சத்தமாச் சொல்லு. வாயைத் திறந்து சொல்லு. ஆமா, என் கண்ணாடி எங்க? வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருக்காதா இந்த வீட்ல? ஓ, நெத்தியில இருக்கா. சரி, அத ஏன் முன்னாடியே சொல்லல?"

அதே இழுப்பு, நடுவில் அதே தொண்டைக் கனைப்பு. மகள்தான். பதினொரு வயசு.

மனைவி சிரித்தாள். மூச்சு முட்டி, "போதும்டி" என்று கெஞ்சுகிற சிரிப்பு. இப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

காது மடல் சூடேறியது. தூக்கிய கை அப்படியே நின்றது.

மகள் விடவில்லை. அப்பா குரலைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குரலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக் கதை. கணக்கு டீச்சருக்குச் செருப்பு அறுந்தது, அவர் நொண்டிக்கொண்டே பெருக்கல் நடத்தியது, சிரிப்பை அடக்கப் போன பின்வரிசைக்காரிக்கு விக்கல் பிடித்தது, விக்கலுக்கு டீச்சர் தண்ணீர் எடுக்கப் போய் இன்னொரு செருப்பும் அறுந்தது. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

அவர் கையை இறக்கினார்.

சாவிக்கொத்து குலுங்காமல் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு, பூனை மாதிரி படியில் உட்கார்ந்தார். பானட்டிலிருந்து அனல் வீசியது. இடிபட்ட தோள் விண்விண் என்று தெறித்தது. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, என்ன என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று இவரும் கையால் சொன்னார். அவள் பேசி முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். முடிவென்றால் முடிவுதான்.

காயப்போட்ட துணியை எடுக்க மனைவி கதவைத் திறந்தாள். படியில் கணவன். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கப் போனாள்.

அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். பசை காய்ந்த விரலை உதட்டில் வைத்தார்.

"நான் இன்னும் வரல. பேசட்டும்," என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு துணியை மறந்து, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். "அப்புறம் என்னடி ஆச்சு?" என்று கேட்டாள்.

மகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

சர்வேயர் கண்ணை மூடிக்கொண்டார். மகளை மூன்று டாக்டர்களிடம் காட்டியாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. போக வர ஒன்றரை மணி நேரம். பக்கத்து இருக்கையில் அவள் முதல் எழுத்திலேயே முட்டி மோதி நிற்பாள். தப்பி வெளியே வரும் அரை வார்த்தையையும் இன்ஜின் விழுங்கிவிடும். மறுபடி சொல்லு என்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். உங்க முன்னாடிதான் அவளுக்குத் திக்குது என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று இவர் தள்ளிவிட்டிருந்தார்.

மகள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, எங்கேயும் நிற்காமல் முடித்து, அடுத்ததற்குப் போவதை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.