பாவு காயட்டும்

தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். விடியற்காலையில் அதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் செங்கோடன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இப்போது பாடை கட்டியாகிவிட்டது. பாவைச் சுருட்டாமல் பாடை தெருவைத் தாண்ட முடியாது. ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொண்டு எதற்கும் ஆகாது.

"பாவு காயட்டும். அப்புறம் அவரைத் தூக்கிக்கலாம்," என்றாள் அவர் மனைவி பூங்காவனம். நெசவாளர் தெரு அது; எல்லோரும் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. பாடையில் ஈ மொய்த்தது. செங்கோடனின் தம்பி இழைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருச்சு அண்ணி. மொறமொறன்னு இருக்கு."

"அந்தக் கடைசியில ஈரம் இருக்குது, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். ஈரம் இருந்தது. அங்கிருந்து திரும்பியபோது, சற்றுமுன் அவர் தொட்ட இடத்தில் பூங்காவனம் கஞ்சிச் சட்டியோடு நின்றாள். பிரஷ்ஷை நனைத்து, புருஷன் நீவுவதைப் போலவே, ஒரே வாக்கில் நிதானமாக நீவிக்கொண்டிருந்தாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் காயலைங்க," என்று கூட்டத்திடம் சொன்னார்.

கஞ்சி தீர்ந்துவந்த சட்டியின் அடியில் பிரஷ் உரசும் சத்தம் அதற்குள் தெருவுக்கே கேட்கத் தொடங்கியிருந்தது.