அப்பாவுக்கு எழுதிய புரோகிராம்

“இப்ப அமுக்கிப் பாருங்கப்பா” என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

உள்ளறையில் அப்பா மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

மேசைமேல் அவளுடைய போன் கிடந்தது. வக்கீலம்மாவிடமிருந்து வந்த மெயில் இன்னும் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் இருந்தது. கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்திருந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடித்த எழுத்து மெலிந்தது.

மெயிலை யாரோ திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவள் போனைத் தொடவே இல்லை.

அப்பாவின் மெயில் புரோகிராம் அரதப் பழசு. பள்ளி ஆய்வாளராக இருந்த காலத்தில் போட்டது. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. பெட்டியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் கொட்டும். மெயில் கம்பெனி அந்த முறையை நிறுத்திவிட்டது. புது முறையில் மெயில்கள் கம்பெனியிடமே இருக்கும். எங்கே திறந்தாலும், படித்தது எது, படிக்காதது எது என்று எல்லா இடத்திலும் தெரியும்.

“புதுசெல்லாம் எனக்குச் சரிப்படாதும்மா. நீ வந்து கொஞ்ச நாள் இருந்து, பழசையே ஓட வெச்சுக் குடு” என்று அப்பா கூப்பிட்டபோது, புருஷன் வீட்டில் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் வாய் திறந்திருக்கவில்லை. அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, மெயில் வெறும் சாக்கு என்றுதான் நினைத்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு இங்கே வரும் வழியெல்லாம் அழுதாள். நமக்கென்று ஒரு மனுஷர் இருக்கிறார் என்று வந்த அழுகை.

வந்த வேகத்தில் அதற்காக ஒரு சின்னப் புரோகிராமை எழுதினாள். கூடத்து மூலையில் ஒரு பழைய லேப்டாப்பில் அது ஓடும். இந்தப் பக்கம் அப்பாவின் கம்ப்யூட்டரோடு பழைய பாஷையில் பேசும். அந்தப் பக்கம் கம்பெனியோடு புது பாஷையில் பேசும். பாஸ்வேர்ட் எல்லாம் அதனிடமே இருந்தது. அப்பா பெயரை மட்டும் கொடுத்தால் போதும். அப்பாவின் மெயில் ஏதும் தொலைந்துவிடக் கூடாதே என்று முதலில் தன் பெட்டியைக் கொடுத்துத்தான் சோதித்தாள்.

அதற்குப் பிறகு வழக்கு வந்தது. மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கு.

ஒவ்வொரு தடவையும் இவள் தரப்பு எழுப்பிய கேள்விக்கு எதிர்த்தரப்பில் பதில் தயாராக இருந்தது. “நீங்க யார்கிட்டயாவது சொல்லிடறீங்களா?” என்று வக்கீலம்மா கேட்டார். அந்த அம்மாவின் ஆபீஸிலேயே யாரோ விலை போய்விட்டார்கள் என்று இவள் நினைத்தாள். வக்கீலையே மாற்றிவிடுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

இன்று அப்பா ஒரு குறை சொன்னார். படித்த மெயிலே திரும்பத் திரும்ப வருகிறதாம். சரியென்று புரோகிராமில் ஒரு மாற்றம் செய்தாள். ஒரு மெயிலை அப்பாவுக்குக் கொடுத்ததும், அது கம்பெனியிடமும் படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும்.

போனைப் பார்த்தபடியே எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

அப்பாவின் திரையில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர். வக்கீலம்மாவின் மெயில் விரிந்து கிடந்தது. அப்பா ஒற்றை விரலால் அவள் புருஷனின் முகவரியை அடித்துக்கொண்டிருந்தார்.

“எத்தன நாளாப்பா?”

அவர் திரையை மறைக்கக்கூட இல்லை. “கேஸ் தோத்துப்போனா நீ அந்த வீட்டுக்கே திரும்பிடுவம்மா. குடும்பம்னா நாலும் இருக்கும். உன் நல்லதுக்குத்தான்.”

ஒரு போட்டோவை மெயிலில் சேர்க்கவே அவளைக் கூப்பிடுகிறவர் அப்பா. “என் பேரை இதுல சேர்க்க யார் சொல்லிக் குடுத்தா?”

“மாப்பிள்ளைதான். எது செஞ்சாலும் முதல்ல தன்னோட பெட்டியிலதான் போட்டுப் பார்ப்பா, அப்புறம் எடுக்க மறந்துடுவான்னார். அப்படியே இருந்துது.” அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன்னை எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கார் பாரேன்.”

அவள் கூடத்துக்குப் போய் புரோகிராமை நிறுத்தினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். வக்கீலம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் அவனிடம் இருக்கும் நாள். மகள் திரும்பி வருவதற்குள் துணிகளைக் கட்டிவிட வேண்டும். தோழி வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது.

அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது அப்பா வாசற்படியில் வந்து நின்றார். கொஞ்சம் பயந்திருந்தார்.

“கோவத்துல எதையாவது பண்ணிடாதம்மா.”

“கோவம் இல்லப்பா.” மகளின் சட்டையை மடித்து வைத்தாள். “அந்த லேப்டாப்பை இங்கயே விட்டுட்டுப் போறேன். உங்க மெயில் மட்டும் வர்ற மாதிரி மாத்தித் தரேன். பழசுதானே உங்களுக்குப் பழக்கம்.”

அப்பா சங்கடத்தோடு கையைத் தேய்த்துக்கொண்டார்.

“எனக்கு எதுக்கும்மா அது? போன்லயே எல்லாம் வருதே. நீ வேற எங்கயாவது போயிடுவேன்னு தெரிஞ்சு, உன்னை இங்க வரவழைக்க அப்படிக் கேக்கச் சொன்னதே மாப்பிள்ளைதான்.”