ஈரக் கால்

சதுரங்கத்தில் கீரியை ஜெயிக்கக் காட்டில் ஆளே இல்லாத காலம் ஒன்று இருந்தது. கிராண்ட்மாஸ்டர் ஆன கீரி, பிறகு சதுரங்கச் சங்கத் தலைவரானது. தன் கதையைப் புத்தகமாகவும் எழுதியது. சேற்றுக் காலோடு வந்ததற்காகச் சின்ன வயதில் தன்னைப் போட்டி அரங்கிலிருந்து துரத்தியதை அதில் கொதித்துக் கொதித்து எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்து அழாத விலங்கு இல்லை.

இந்த வருடப் போட்டிக்குத் தவளை வந்தது. தகுதிச் சுற்றில் எல்லோரையும் தோற்கடித்திருந்தது.

வாசலில் கீரி மறித்தது. "ஈரக் காலோடு உள்ளே விட முடியாது. பலகை கெட்டுவிடும்."

"தலைவரே, நான் தவளை. என் கால் எப்போது காயும்?"

"விதி என்றால் விதிதான். மனம் தளராதே தம்பி. இந்தா, என் புத்தகம். படித்தால் தைரியம் வரும்." கீரி கையெழுத்துப் போட்டு நீட்டியது.

தவளைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதைப் படித்துவிட்டுத்தானே ஆடவே வந்தேன்! எனக்குத் தைரியம் வேண்டாம், நாற்காலி வேண்டும்!"

கத்திக்கொண்டே கீரியைத் தாண்டிக் குதித்து, ஆட்டத்துக்குக் காத்திருந்த முயலுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்தது. வெள்ளைச் சிப்பாயை நகர்த்தியது.

முயல் ஒரு கணம் கீரியைப் பார்த்தது. பிறகு தன் கறுப்புச் சிப்பாயை நகர்த்தியது.