அர்ச்சனைக்குரிய பெயர்

ஜேர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் ஆலயத்தில் புஷ்பராணி அர்ச்சனைத் தட்டை நீட்டினார். அவருடைய மகன் கவிஷன் தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரன் என்பதை அர்ச்சகர் அறிவார்.

“நேற்று விளையாட்டுக்கு நடுவில சண்டையாமே, அக்கா?”

“ஓம் ஐயா. ஹெல்மெட் கழண்டு, பின்தலை ஐஸில அடிபட்டிட்டுது. இன்னும் கண் திறக்கேல்லை.”

“ஐயோ! உந்தக் கைகலப்பை ஏன் தடுக்காமல் விடுகினம்?”

“சனம் எழும்பி நிண்டு கை தட்டுது, ஐயா. நானும் தட்டினனான்.”

அர்ச்சகர் பெருமூச்சுடன் தட்டை வாங்கினார். ஆண்டுதோறும் கேட்ட விவரம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

“கவிஷன், ரேவதி நட்சத்திரம்…”

“இல்லை ஐயா. பெயர் லூக்காஸ். அனுஷ நட்சத்திரம்.”

“அது ஆர்?”

“கவிஷன் அடிச்சு விழுத்தின பிள்ளை.”

அர்ச்சகர் தாழ்ந்த குரலில் வினவினார்.

“ஜேர்மன் பிள்ளையின்ர நட்சத்திரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“பஞ்சாங்கம் பார்க்கத் தாய்க்குப் போன் எடுத்துப் பிறந்த நாளும் நேரமும் கேட்டனான்.”

“அவ சொன்னவவோ?”

“முதல் ஏசினவ. பிறகு அழுதவ. கடைசியா, காலமை ஆறு பத்து எண்டு சொன்னவ.”