இரண்டாவது கரண்டி

மனைவி உப்புக் கரண்டியோடு வந்து நின்றபோது, அவன் அன்றைக்கான உப்பைப் போட்டு முழுதாக இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சாப்பாட்டு மேஜை மேல் நீல நிற பிளாஸ்டிக் டப். அதற்குள் வயிறு வீங்கி, ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது தங்கமீன். வெளிச்சம் படாமல் இருக்க மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

மீன் கடைக்காரர் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான். நாலு நாளைக்குத் தீனி கிடையாது. தண்ணீரை மாற்றக்கூடாது. தினம் காலையில் தலைதட்டி ஒரே ஒரு கரண்டி உப்பு. கூடிவிட்டால் மீன் தாங்காது. இருட்டில் வைத்து, பக்கத்தில் சத்தமே போடாமல் இருக்க வேண்டும்.

அவன் அப்படியே செய்தான். தினமும் ஆறு மணிக்கு எழுந்து, கத்தியின் முதுகால் கரண்டியைத் தலைதட்டி, உப்பைக் கரைத்துவிட்டு ஏழு மணிக்கு வேலைக்குப் போனான். மீன் தேறவில்லை. நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது.

அவன் லிப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே இழுத்துவிட்டவன். எது நின்றுபோனாலும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அவனுக்குக் காரணம் தெரிந்துவிடும். மீனுக்கு மூடி ஏது? கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நேற்று சாயங்காலம் அது மூச்சு விடுவதே அபூர்வமாகிவிட்டது. பயந்துபோய் இன்று லீவு சொல்லிவிட்டு, மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதனால்தான் இதைப் பார்க்க நேர்ந்தது.

மணி எட்டு. அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பை தோளில் தொங்கியது. அவன் வீட்டில் இருப்பதைப் பார்த்ததும் புருவம் மட்டும் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. கரண்டியில் உப்பு, பிசகாமல் தலைதட்டி. நாள் முழுக்க மாத்திரை எண்ணுகிற கை. ஒரு கல் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

அவளும் போய் அதே கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக வந்து, ஒரே மீனுக்கு வைத்தியம் கேட்டுப் போவார்கள் என்று அந்த மனுஷர் கனவா கண்டார்?

மூன்று நாளில் ஆறு கரண்டி. இன்று காலை அவன் போட்டது ஏழாவது. அவள் கையில் இருப்பது எட்டாவது.

போடாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது?

அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்று பதினொரு மாதம் ஆகிறது.

ஏன் நின்றது என்று கேட்டால் அவன் ஒரு காரணம் சொல்வான், அவள் வேறொன்று சொல்வாள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர் என்று எப்படியோ ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் குடும்பம் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் மீன்.

அவன் சமையலறை வாசலில் இருந்த கண்ணாடித் தொட்டிப் பக்கம் குனிந்து, மாப்ளே, இன்று ராத்திரி வெளியே சாப்பிட்டுவிடுவேன் என்பான். உள்ளே அவள் ஒருபிடி அரிசியைக் குறைத்துக்கொள்வாள். ராசா, கேஸ் தீரப்போகிறது என்று அவள் மீனிடம் முறையிடுவாள். மறுநாள் சிலிண்டர் வந்து இறங்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, மாத்திரை போட்டாச்சா என்று அவன் மீனைத்தான் கேட்டான். போட்டாச்சு என்று மீனுக்குத்தான் பதில் வந்தது. மீனை வைத்துக்கொண்டே ஒரு பெரிய சண்டையும் போட்டிருக்கிறார்கள். மீன் யார் பக்கமும் சாயவில்லை.

சத்தம் கூடாது என்று கடைக்காரர் சொன்ன நாளிலிருந்து இருவரும் மீனிடமும் பேசவில்லை. அதன் நன்மைக்காகவே வாயைப் பொத்திக்கொண்டு, ஆளுக்கொரு வேளையில் அதன் தலையில் உப்பைக் கொட்டியிருக்கிறார்கள்.

இது போய்விட்டால் இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவது?

அவள் துண்டை விலக்கினாள். கரண்டி சாயத் தொடங்கியது.

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. டப்பைப் பார்த்துத்தான் சொன்னான்.

"மாப்ளே, உப்பு காலைலயே போட்டாச்சு. தினமும் நான்தான் போடறேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. கணக்கு முடிந்ததும் முகம் வெளிறிப்போனது.

கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் விரலை விட்டு மீனைத் தொட்டாள். லேசாகத் தள்ளிப் பார்த்தாள். தள்ளிய பக்கம் போய், டப்பின் சுவரில் இடித்து, அது அங்கேயே நின்றது. செவுள் திறக்கவே இல்லை.

விரலைத் துடைத்துக்கொண்டாள். துண்டை இழுத்து முழுவதுமாக மூடினாள்.

பிறகு பதினொரு மாதத்தில் முதன்முறையாக நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் யார்கிட்ட சொல்றீங்க?"