ஒரு கப் சீனியின் நிறை

"ஒரு கப் சீனி இருநூறு கிராம், கோபி. உன்ரை தராசு நூற்றைம்பது காட்டுதெண்டால் பிழை சீனியிலை இல்லை, தராசிலைதான்."

கைப்பேசியில் இப்படிச் சொல்லிவிட்டு நிரோஜா சிரித்தாள். அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு கேக் கடையில் வேலை செய்பவள். கப்பும் கிராமும் அவளுக்கு விரல் நுனியில். அவள் தோழி கோபிகாவுக்கு அப்படியில்லை. சீனி கப்புக்குள் சரசரவென்று விழுகிற சத்தத்திலேயே மனம் எங்காவது போய்விடும், எத்தனை கப் போட்டோம் என்பதும் மறந்துவிடும். போதாததற்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மானிப்பாயில் வாடகைக்கு எடுத்த அந்தச் சின்ன வீட்டின் குசினி முழுக்க வனிலா மணம்.

இன்றைக்கு கோபிகாவின் அப்பா அருளம்பலத்தின் பிறந்தநாள். கலியாணத்துக்குப் பிறகு முதன்முதலாக மகள் வீட்டுக்கு வருகிறார். இணையத்தில் பார்த்த கேக் குறிப்பில் மாவும் பட்டரும் கப் கணக்கில் இருந்தன. சீனி மட்டும் ஏனோ இருநூற்றைம்பது கிராம் என்றிருந்தது. அதற்காகத்தான் அலுமாரிக்கு மேலே சாக்கில் சுற்றிக் கிடந்த கணவன் ஜெயசுதனின் பழைய தராசை எடுத்தாள். போன கிழமை அதில் நிறுத்துப் போட்டு ஒத்திகை பார்த்த கேக், ஒரு வாய்க்கே திகட்டியது. ஜெயசுதன் மட்டும் நல்லாயிருக்கு என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டான். புதுமாப்பிள்ளை, வேறென்ன சொல்வான்?

நிரோஜா விடவில்லை. பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பைக்கற் இருந்தால் வைத்துப் பார் என்றாள். கோபிகா வைத்தாள். சிவப்பு எழுத்தில் எழுநூற்றைம்பது என்று காட்டியது. இன்னொரு பைக்கற்றை வைத்தாள். அதுவும் அப்படியே.

"பொய்த் தராசடி. ஆரின்ரை உது?"

"ஆரோ தந்தது. நான் பிறகு கதைக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

அது ஜெயசுதன் மீன் நிறுத்து விற்ற தராசு. இப்போது மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிவது வேறொன்று. பழுதாய்ப்போன தராசென்றால் எறிந்திருக்கலாமே. சாக்கில் சுற்றி ஒளித்து வைப்பானேன்?

அந்தத் தராசை நம்பித்தான் அவளுடைய கலியாணமே நடந்தது. சில வருடங்களுக்கு முன் அப்பா படகில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதோடு கடல் இல்லையென்று ஆகிவிட்டது. மீன் பிடித்த மனிதர், கீரிமலையில் தன் வீட்டு வாசலிலேயே நின்று மீன் வாங்க வேண்டி வந்தது. இரக்கப்பட்டு யாராவது ஒரு சூடை மீனைக் கூடப் போட்டாலும் முகம் கறுத்துவிடும். எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்த ஜெயசுதன் மட்டும் ஒருநாளும் கூடப் போட்டதில்லை. தராசை அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடிப்பான். அரைக் கிலோ என்றால் அரைக் கிலோ. கோபிகா தராசையெல்லாம் எங்கே பார்த்தாள்? மழை நாளில் அவன் தலைமுடியில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கதவோரம் கனவில் நிற்பாள். அவன் பெண் கேட்டு வந்தபோது சொந்தக்காரர் தயங்கினார்கள். அவனுடைய நிறுவையைப் பார்த்திருக்கிறேன், அவனுக்குத்தான் என் பிள்ளை என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவைத்தார்.

அந்த நிறுவை பொய்யென்று தெரிந்தால் அந்த மனிதர் தாங்குவாரா?

நிரோஜாவின் கணக்குப்படி ஒன்றேகால் கப் சீனி போட்டு கேக்கை அடித்தாள். பொன்னிறமாக எழும்பி வந்தது. அவளுக்குத்தான் சந்தோசமே வரவில்லை. சன்னலில் வழிகிற மழையைப் பார்த்தபடி நின்றவள், அப்பா பஸ்ஸால் இறங்கி, குடையை மடக்கி, குசினிக்குள்ளேயே வந்துவிட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். தராசு மேசையில் அப்படியே கிடந்தது.

அவர் ஒரு துண்டு கேக் சாப்பிட்டார். இனிப்பு அளவாய் இருக்கிறது என்றார். பிறகு தராசைக் கையில் எடுத்தார்.

"உதேன் பிள்ளை இஞ்சை கிடக்கு?"

அவருக்கு அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அழுகை முந்திக்கொண்டு வந்தது.

"அப்பா, உது பொய்த் தராசு. ஒரு கிலோவை முக்கால் கிலோ எண்டு காட்டுது. இவர் எல்லாரையும் ஏமாத்தியிருக்கிறார்."

அருளம்பலம் அவசரப்படாமல் வாயிலிருந்ததை விழுங்கினார்.

"எல்லாரையும் இல்லை. எங்களை மட்டுந்தான்."

அவள் விழித்தாள்.

"மற்ற வாசலிலையெல்லாம் வேறை தராசு. எங்கடை வாசலுக்கு வரேக்கைதான் பெட்டிக்குள்ளை இருந்து இதை எடுப்பான். ஒரு கிலோவை முக்கால் எண்டு காட்டினால் நட்டம் ஆருக்கெண்டு யோசிச்சுப் பார். காலமெல்லாம் மீன் தூக்கின கையடி இது. முதல் நாள் பையை வாங்கினவுடனையே பாரம் கூட எண்டு எனக்கு விளங்கிப்போச்சு."

படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அருளம்பலம் அவசர அவசரமாகத் தராசைச் சாக்கில் சுற்றி அவள் கையில் திணித்தார்.

"கெதியா எடுத்த இடத்திலை வை. எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை. பாவம், மாமாவை ஏமாத்திப்போட்டன் எண்ட சந்தோசத்திலை இருக்கிறான்."