மூணாவது மனுஷி

‘மூன்றாம் நபர்’ என்ற சொல்லின் மேல் அவள் விரல் நின்றுவிட்டது.

கார் இன்சூரன்ஸ் படிவம். தமிழில்தான் அச்சடித்திருந்தார்கள். படித்தவளுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஏஜென்ட் தேவசகாயம். பக்கத்து நாற்காலியில் கணவர் மாசிலாமணி. தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று வந்ததுமே சொல்லிவிட்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார். பழைய வண்டிக்கு அது போதுமாம்.

இதே சொல்லைத்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தமிழில் சொன்னார்.

அவரும் அவருடைய அண்ணன் தம்பிகளும் பாகப்பிரிவினை பேச உட்கார்ந்திருந்தார்கள். அவள் காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தாள்.

“மூணாவது மனுஷங்க யாரும் இருக்க வேணாம். நாங்க பேசிக்கிறோம்.”

யாரைச் சொல்கிறார் என்று அவள் சுற்றிலும் பார்த்தாள்.

வேறு யாரும் இல்லை.

தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இருபத்திரண்டு வருடம் புழங்கிய அடுப்படி. தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று மறந்துபோனது.

ஆக, மூன்றாம் நபருக்கான இந்தப் பாலிசி தனக்குத்தான். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது. வெட்கக்கேடு.

“அப்ப நான் இதுல வர்றேனா?”

ஏஜென்ட் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

“இல்லம்மா. சார் முதல் ஆளு. கம்பெனி ரெண்டாவது. ரோட்ல போறவங்க, எதிர்ல வர்றவங்க எல்லாம் மூணாவது. வண்டிக்குள்ள உக்காந்து வர்ற வீட்டு ஆளுங்க அதுல சேர மாட்டாங்க.”

அவள் திரும்பவும் எண்ணிப் பார்த்தாள்.

வீட்டில் மூணாவது மனுஷி. அதனால் இடமில்லை.

காரில் வீட்டு மனுஷி. அதனால் இடமில்லை.

சிரிப்பு வருகிறதா, அழுகை வருகிறதா என்றே தெரியவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“கூட வர்றவங்களுக்குத் தனியா எடுத்துக்கலாம்மா. பேரு போடாமயும் எடுக்கலாம், பேரு போட்டும் எடுக்கலாம்.”

“பேரு போட்டு,” என்றாள்.

மாசிலாமணி போனிலிருந்து நிமிர்ந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதில் இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஏஜென்ட் பேனாவை எடுத்தார். “இனிஷியலோட சொல்லுங்க.”

“எம். சுகந்தி,” என்றார் மாசிலாமணி.

“டி. சுகந்தி,” என்றாள் அவளும், அதே நேரத்தில்.

டி என்றால் தங்கவேலு, அவளுடைய அப்பா. கல்யாணப் பத்திரிகையோடு அவள் விட்டுவிட்ட எழுத்து.

“எப்பவும் எம்னுதானே போடுவே?”

“அது வீட்டு ஆளுங்க போடுறதுங்க.”

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

மாசிலாமணி சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.